மேகம் மறைத்த மாதங்கள்

ஜமால்தீனின் கடையில் சாமான் அடுக்கும் றாக்கை வெறுமையாகக் கிடந்து எந்த வாடிக்கையாளரும் கண்டதில்லை. அக்குறணைக் கடைத்தெருவிலிருந்து மேலே ஏறும் ஒழுங்கை ஒன்றில், வீட்டின் முன்னறையைத் தெருவுக்குத் திறந்துவிட்ட பலசரக்குக் கடை அது. சாமான் வராத காலம் அந்தக் கடைக்கும் உண்டு. நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடத்தில் பால்மா வருவதே பெரும்பாடாக இருந்தது. அப்போதுகூட றாக்கை நிறைந்துதான் நின்றது. இருக்கிற பைக்கற்றுகளை விளிம்புக்கு இழுத்து, ஒன்றோடொன்று தோள்முட்ட நிறுத்திவிட்டால் பின்னால் கிடக்கும் வெறுமை யாருக்குத் தெரியப்போகிறது?

"முன்னுக்கு இழுத்து வைங்க மகள்," என்பார் ஜமால்தீன். பள்ளிக்கூட வெள்ளை உடுப்பைக் களைவதற்கு முன்பே மகள் பஸ்லினா அதைச் செய்துவிடுவாள். நாளடைவில் அவளுக்குச் சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. கண் பார்க்காவிட்டாலும் கை இழுக்கும்.

அந்தக் கைதான் பிறகு பேராதனைக்குப் போனது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் பஸ்லினா. அவளுக்கு மூத்த நாநாமார் இருவரும் சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டு வியாபாரத்தில் இறங்கியவர்கள். இவள் புள்ளிவிபரவியலை எடுத்தபோது மாமி அபீபா வெற்றிலையை மென்றபடியே கேட்டார்: "அது என்ன மகள், சனத்தொக எண்ணுறதா?"

"சனத்த எண்ணுறது லேசு மாமி. எண்ணினவங்க சொல்றது மெய்யா பொய்யாண்டு பாக்கிறதுதான் எங்கட வேல."

"அப்ப ஒன்னய கட்டுறவன் பாவம்," என்றார் மாமி.

பட்டமளிப்பு நாளன்று ஜமால்தீன் கடையைப் பூட்டினார். ஜும்ஆத் தொழுகைக்கும் பெருநாளுக்கும் தவிர பூட்டாத கடை. கதவில் ஒரு காகித மட்டையில் எழுதியும் தொங்கவிட்டார்: மகளுடைய பட்டமளிப்பு, நாளைக்கு வரவும். ஒழுங்கையில் அதை வாசிக்காதவர் இல்லை. வாசிக்கவேண்டும் என்றுதான் அவர் தொங்கவிட்டதும்.

மேற்படிப்புக்குப் பதிந்துகொண்டு, கூடவே கண்டியில் ஒரு வேலைக்கும் சேர்ந்தாள் பஸ்லினா. மலைக்காடுகளைக் காப்பதற்கென்று நடந்த சிறிய அமைப்பு அது. வாவியைப் பார்த்த மாடியறை ஒன்றுதான் அதன் அலுவலகம். வத்தேகமைக்கு அப்பால், தேயிலை முடிகிற இடத்தில் தொடங்கும் ஊசிமலைக் காட்டைப் பற்றியது அவளுடைய வேலை. மழை பெய்யாத நாளிலும் மேகத்தைப் பிடித்து இலைநுனியால் சொட்டவைக்கிற காடு அது. அப்படிப்பட்ட காடு ஓர் எல்லைவரைதான் தாங்கும். வெயில் ஏறி மரங்கள் சாகச் சாக, மேகத்தைப் பிடிக்க இலை இருக்காது. மேகம் பிடிபடாமல் போகப் போக, இன்னும் மரங்கள் சாகும். ஒரு கட்டத்தில் காடு திரும்பி எழ முடியாதபடி புல்வெளியாகக் கவிழ்ந்துவிடும். கவிழ்வதற்கு முன்னால் ஏதாவது சைகை தெரிகிறதா என்று கணக்கில் தேடுவதற்குத்தான் பஸ்லினாவைச் சேர்த்தார்கள். அவளிடம் இருந்தவை கால் நூற்றாண்டாக விண்ணிலிருந்து செய்மதிகள் எடுத்த படங்கள். காடு எவ்வளவு பச்சையாக இருந்தது என்று மாதத்துக்கு ஓர் எண்.

இதையெல்லாம் வாப்பாவுக்கு விளங்கவைக்க அவளுக்கு அக்குறணை வெள்ளமே போதுமாயிருந்தது.

"வாப்பா, முந்தி ஆத்துத் தண்ணி கடத்தெருவுக்கு ஏறினா எப்ப கடைய திறப்பாங்க?"

"தண்ணி வடிஞ்ச மறுநாளே கழுவித் திறந்துருவாங்க."

"இப்ப?"

"இப்ப கெழமக்கணக்காகுது. சில பேர் திறக்கிறதே இல்ல. எத்தன தரம்தான் கழுவுற? சக்தி போயிட்டு."

"காடும் அப்பிடித்தான். வெள்ளம் பெருசா சிறுசாண்டு நான் பாக்கல. விழுந்த பொறகு எழும்ப எவ்வளவு காலம் எடுக்குதுண்டு பாக்கிற. எழும்புறது சுணங்கச் சுணங்க, கவிழுற நாள் கிட்ட வருதுண்டு அர்த்தம்."

"அப்ப எந்த வருசம் கவிழும்?"

"அது தெரியா வாப்பா."

ஜமால்தீன் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரியாதத சொல்றதுக்கா இவ்வளவு படிச்ச?"

இந்த அளவைக்குக் கணக்கில் தன்னொட்டுறவு என்று பெயர். பருவத்தால் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டு, இந்த மாதம் போன மாதத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அளப்பது. நலமான காடு வரட்சியில் வாடினாலும் சீக்கிரமே தன் நிலைக்குத் திரும்பும். போன மாதத்துச் சோர்வை இந்த மாதம் சுமக்காது. தளர்ந்த காடு சுமக்கும். அந்த ஒற்றுமை வருடத்துக்கு வருடம் கூடுவதுதான் முன்னெச்சரிக்கை. பஸ்லினா வரைந்த கோடு கூடத்தான் செய்தது. ஊசிமலையின் மேற்குச் சரிவிலும் கிழக்குச் சரிவிலும், கடுகண்ணாவை மலைவீதி ஏற்றம்போல மேலே மேலே போயிற்று.

திட்ட முகாமையாளர் றஞ்சனா அந்தக் கோட்டைக் கண்டதும் கதிரையைவிட்டு எழுந்தே விட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் முப்பது வருடம் காடுகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர். ஊசிமலையின் மேற்குச் சரிவில் ஒரு ஹோட்டலும், அதற்குக் கிழக்குச் சரிவால் ஒரு பாதையும் போட ஒரு கம்பனி கேட்டிருந்தது. அனுமதி கொடுப்பதா இல்லையா என்று ஒரு குழு விசாரிக்கவிருந்தது.

"இதுக்கு ஒரு ஆண்டு போடும் பஸ்லினா. இன்ன ஆண்டில காடு சாகும் எண்டு போட்டால்தான் இவங்கட காதில விழும்."

"ஆண்டு போட ஏலா மிஸ். கோடு ஏறுதுண்டு மட்டும்தான் சொல்ல ஏலும்."

றஞ்சனா ஆண்டை விட்டுவிட்டார். கோட்டை விடவில்லை. அது பெரிதாக, சிவப்பாக, அறிக்கையின் அட்டையிலேயே ஏறிக்கொண்டது. ஆக்கம்: ஜ. பஸ்லினா.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கையில், பின்னேரம் கடையில் வாப்பாவுக்குப் பதிலாக அவள் நின்றாள். ஒழுங்கைக்குக் கீழே இருக்கிற மின்ஹா வந்து தேங்காய்ப்பால் மா ஐந்து பைக்கற் கேட்டாள். வீட்டில் கந்தூரி விருந்து. பஸ்லினாவின் கை றாக்கைக்குப் போனது. முன்வரிசையில் மூன்று. அதற்குப் பின்னால் கை பலகையைத்தான் தொட்டது.

"பாத்தா கடல்மாதிரி ஈக்கி, புடிச்சா மூணுதான்," என்றாள் மின்ஹா. "ஜமால்தீன் நாநாட கடையில கண்ண நம்பப்படாது."

பஸ்லினாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. மின்ஹா போனதும் மடிக்கணினியை மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கணினி நிரலில் தான் எழுதிய ஒரு வரியைத் தேடி எடுத்தாள். மேகக்காட்டைச் செய்மதி எல்லா மாதமும் பார்த்துவிடாது. மாரியில் மேகம் மூடிக்கொண்டால் அந்த மாதத்துக்கு எண் இல்லை, வெறும் கட்டம்தான். வெறும் கட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல், முந்தைய மாதத்து எண்ணை முன்னுக்கு இழுத்து அதில் வைத்திருந்தாள். பிறகு சரியாகச் செய்யலாம் என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. அதை மறந்துபோனதுதான் ஞாபகமில்லை. பழைய செய்மதிப் படங்களில் மேகத்தைக் கழிப்பதில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. மேகம் கலந்த எண்ணும் எண்ணாகவே நின்றது. பிந்திய வருடங்களில் கண்டிப்புக் கூட, வெறும் கட்டங்களும் கூடியிருந்தன. கட்டங்கள் கூடக்கூட அவள் இழுத்து வைத்த நகல்களும் கூடின. போன மாதத்தின் நகல் போன மாதத்தைப் போல இருக்காமல் வேறெப்படி இருக்கும்? கோடு ஏறியது காட்டின் தளர்ச்சியால் மட்டும் அல்ல. அக்குறணைக் கடைக்காரன் மகளுடைய கைப்பழக்கத்தாலும்தான்.

அந்த வரியை அழித்தாள். அடுத்தடுத்து மெய்யாகவே எண் உள்ள மாதங்களை மட்டும் சோடி சேர்த்துத் திரும்பவும் கணக்கிட்டாள். மேற்குச் சரிவின் கோடு கீழே விழுந்து கிடந்தது. கிழக்குச் சரிவின் கோடும் தணிந்தது, ஆனால் விழவில்லை. தளர்வே இல்லாத ஆயிரம் பொய்க்காடுகளை அதே இடைவெளிகளோடு கணினியில் உருட்டிப் பார்த்தாள், தற்செயலாகவே இந்த அளவு ஏறுகிறதா என்று. மேற்கில் மிஞ்சியிருந்த சிறு ஏற்றம் பொய்க்காடுகளில் மூன்றில் ஒன்றுக்கும் வந்தது. அப்படியானால் அங்கே சைகை என்று எதுவும் இல்லை. கிழக்குக்கு ஆயிரத்தில் நாற்பதுதான். உரத்துக் கத்துகிற எண் அல்ல. ஆனாலும் அது நின்றது.

அடுத்த நாள் காலை பேராதனையில் அவளுடைய மேற்பார்வையாளர் பாலேந்திரன் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நானும்தானே பிள்ளை பழைய கோட்டைப் பார்த்தனான். எனக்கும் பிடிபடேல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப என்ன செய்யிறது? நாளைக்கு விசாரணை. அது முடியட்டும். பிறகு ஆறுதலாத் திருத்தம் ஒண்டு எழுதுவம். எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் செய்யிறவை."

"முடிவு எடுத்த பொறகு திருத்தி யாருக்கு சேர்?"

"உம்மட வேலையும் இதில கிடக்குது. அதை யோசியும்."

"யோசிச்சித்தான் வந்த சேர். நாளைக்கே சொல்லப்போற."

பாலேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புதிய கோட்டை இன்னொரு முறை சரிபார்த்துக் கொடுத்தார். அந்தளவு அவரால் முடிந்தது.

றஞ்சனாவிடம் விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. அவர் அறையின் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"மேற்குச் சரிவு அவங்களுக்குப் போயிடும். விளங்குதோ உமக்கு?"

"விளங்குது மிஸ்."

"காடு போனாப் பிறகு உம்மட நேர்மையை எங்க கொண்டுபோய் நடப்போறீர்?"

அந்தக் கேள்வி பஸ்லினாவுக்குக் குத்தியது. அந்தக் காட்டுக்குள் அவளும் நடந்திருக்கிறாள். பாசி மூடிய கிளைகளுக்குக் கீழே, வெயில் காலத்திலும் சப்பாத்து நனைந்திருக்கிறது.

"பொய்யில நட்டா மட்டும் மொளைக்குமா மிஸ்?"

"பொய் இல்லை. பிழை. அதுவும் எங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பிழை."

"நேத்துவரைக்கும்தான் அது பிழை. இண்டைக்கு எனக்குத் தெரியும். தெரிஞ்ச பொறகு வாசிச்சா பொய்."

றஞ்சனா யன்னலுக்குப் போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு நீர் வரவேண்டாம். நான் பேசிக்கொள்ளுறன்."

"அறிக்கையில எண்ட பேர் ஈக்கி மிஸ். நான் வாற."

வந்தாள். காலையில் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டும்போது இரண்டு சரிவுகளின் எண்களையும் இன்னொரு தரம் சரிபார்த்துக்கொண்டாள். விசாரணை சிங்களத்தில் நடந்தது. பல்கலைக்கழகமும் பஸ்ஸும் கற்றுக்கொடுத்த சிங்களம் அவளிடம் தாராளமாக இருந்தது. அறிக்கையை எழுதியவர் யார் என்று குழுத் தலைவர் கேட்க, றஞ்சனா எழும்புவதற்கு முன் இவள் எழுந்து நின்றாள்.

"நான்தான். அட்டையில் இருக்கிற கோடு பிழை. பிழை விட்டதும் நான்தான்," என்று தொடங்கினாள்.

மண்டபத்தில் கதிரைகள் கிறீச்சிட்டன. மேகம் மறைத்த மாதங்களை எப்படி நிரப்பினாள், அதனால் கோடு எப்படி ஏறியது என்பதை அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். பிறகு புதிய கோட்டைத் திரையில் போட்டாள். அதன் மேல் பாதியில் பச்சை எண்கள் மாதம் மாதமாக ஓடின. வெறும் மாதங்களை அவள் வெறுமையாகவே விட்டிருந்தாள். வரிசை அங்கங்கே அறுந்து அறுந்து போயிற்று.

ஹோட்டல் கம்பனியின் சட்டத்தரணி மெதுவாக எழுந்தார். அவர் கையிலிருந்த அறிக்கைப் பிரதியில் இரண்டு மஞ்சள் துண்டுகள் ஒட்டியிருந்தன. தொடர்ந்து ஒரே எண் வந்த இடங்கள் அவை என்பது தூரத்திலிருந்தே பஸ்லினாவுக்குத் தெரிந்தது. கேட்கவென்று கொண்டுவந்த கேள்வியை இவள் முதலே சொல்லித் தீர்த்துவிட்டதால், அவர் வேறொன்றைத் தேடவேண்டியதாயிற்று.

"ஆக, அறிக்கையை நீங்கள் வாபஸ் வாங்குகிறீர்கள்."

"இல்லை. மேற்குச் சரிவைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கிழக்குச் சரிவைப் பற்றிச் சொன்னதைக் குறைத்துச் சொல்கிறேன். வாபஸ் வாங்கவில்லை."

"இதைப் பாருங்கள், ஓட்டை விழுந்த மீன்வலை மாதிரி இருக்கிறது." அவர் திரையைக் காட்டினார். சிலர் சிரித்தார்கள்.

"அந்த ஓட்டையெல்லாம் மேகம்," என்றாள் பஸ்லினா. "அது மேகக்காடு. ஓட்டை இல்லாமல் போனால்தான் நான் பயப்படவேண்டும்."

இப்போது சிரித்தவர்கள் வேறு சிலர். தலைவரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"சரி, காடு எந்த ஆண்டில் அழியும்?"

"தெரியாது."

"தெரியாது. ஆனால் பாதையை நிறுத்தச் சொல்கிறீர்கள்."

"ஐயா, எனக்கு ஊர் அக்குறணை. வெள்ளம் வந்தால் எங்கள் ஊரில் கடைகளைக் கழுவித் திறப்பார்கள். முன்பெல்லாம் மறுநாளே திறந்தார்கள், இப்போது கிழமைக்கணக்காகிறது. எந்தக் கடை எந்த வருடம் நிரந்தரமாக மூடும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்காக, திறக்கச் சுணங்குகிறது என்பதையும் சொல்லாதே என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கிழக்குச் சரிவு சுணங்குகிறது. தற்செயலாகவும் இப்படி வரலாம், ஆயிரத்தில் நாற்பது தரம். அதையும் நானே சொல்லிவிட்டேன். எண்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன, வேண்டியவர் எடுத்துக் கணக்குப் பார்க்கலாம். என் பிழையை நானே கொண்டுவந்து தந்தேன். மிச்சத்தில் பிழை இருந்தால் நீங்கள் கொண்டுவாருங்கள். அதுவரை இந்த வசனத்தை நான் அழிக்கமாட்டேன்."

சட்டத்தரணி மஞ்சள் துண்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. மேற்குச் சரிவில் ஹோட்டல் கட்டத் தடையில்லை. கிழக்குச் சரிவால் பாதை போடக்கூடாது. இன்னும் இரண்டு கோடைகளின் அளவுகள் வந்த பிறகு அதைத் திரும்பப் பார்க்கலாம். ஹோட்டலுக்கு வேறு பக்கத்தால் வழி தேடிக்கொள்ளட்டும். அதே வாரம் பஸ்லினாவின் ஒப்பந்தம் முடிந்தது. அதை யாரும் புதுப்பிக்கவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வத்தேகமையில் ஒரு தோழியின் கலியாணத்துக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து மேற்குச் சரிவைக் கண்டாள். பச்சைக்கு நடுவே செம்மண் ஒரு முழுச் சதுரமாகத் தெரிந்தது. பக்கத்து ஆசனத்துப் பெண் யன்னல் திரையை இழுக்கப் போனாள். "இழுக்க வாணாம்," என்றாள் பஸ்லினா. அவள் சொன்ன மெய்க்கு அங்கே ஒரு விலை கிடந்தது. அதைப் பார்க்காமல் போக அவளுக்கு விருப்பமில்லை. சரிவு வளைவில் மறையும்வரை பார்த்தாள். பார்த்த பிறகும், அன்று சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை.

மேற்படிப்பு தொடர்ந்தது. காலையில் பேராதனை, பின்னேரத்தில் கடை. மாமி அபீபா ஒருநாள் சீனி வாங்க வந்து, கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரமாகப் பார்த்துக் கேட்டார்: "இவ்வளவு படிச்ச புள்ளட வேல போயிட்டாமே?"

ஜமால்தீன் சீனியை நிறுத்தபடியே, தலை நிமிராமல் சொன்னார்: "ஓ, போன. எண்ட மகள் பொய் சொல்லமாட்டேண்டு நிண்டதால போன. ஒங்கட பக்கத்துல அப்பிடி வேல போன ஆள் ஒண்டு ஈக்கா?"

மாமி சீனியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்து றஞ்சனாவிடமிருந்து அழைப்பு வந்தது. சுகம் விசாரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. திருத்திய அறிக்கையைக் குழு கேட்டிருக்கிறதாம். மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேட்கிறார்களாம். அச்சகத்தில் நின்று பேசுவது இயந்திரச் சத்தத்தில் தெரிந்தது.

"அட்டையில உம்மட புதுப்படத்தைத்தான் போடுறம். இங்க அடிக்கிறவர் கேக்கிறார், கோடு இடையில இடையில அறுந்து கிடக்குது, பார்க்க வடிவில்லை, சேர்த்துவிடவோ எண்டு."

பஸ்லினா அப்போது றாக்கைக்கு முன்னால் நின்றாள். ஒரு கை தன் பாட்டில் சவர்க்காரக் கட்டிகளை முன்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

"சேர்க்க வாணாம் மிஸ்."

"நானும் அதைத்தான் சொன்னனான். நீர் என்ன சொல்லுறீர் எண்டு கேட்டனான், அவ்வளவுதான்."

"அறுந்த மாதிரியே அடிக்கச் சொல்லுங்க. கீழ எண்ட பேரயும் போடச் சொல்லுங்க."

"பேர் இருக்குது," என்றார் றஞ்சனா. "முதல் ஆளா இருக்குது."